தெருமுனை வரை ஒரு தோடி

கர்னாடக சங்கீதம் என்றதும் பலருக்கு மார்கழிதான் நினைவுக்கு வரும். சென்னை, சபா, காலைக் கச்சேரி, மாலைக் கச்சேரி, நடுவில் கேன்டீன் காபி. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது அதையொட்டி இசை மாநாடு ஒன்றும் நடந்தது. அதிலிருந்து அடுத்த ஆண்டு மியூசிக் அகாடமி பிறந்தது, டிசம்பர் சீசன் ஆயிற்று. ஆனால் நாயனக்காரரின் காலண்டர் வேறு. மார்கழியில் அவருக்குக் கோயிலில் விடியற்கால வாசிப்பு உண்டு, கல்யாணம் கிடையாது. அவருடைய ஆண்டு பங்குனி உத்திரத்தில் சூடுபிடித்து, சித்திரை, வைகாசி, ஆனி என்று ஓடி, ஆடியில் அம்மன் கோயில்களில் வந்து நிற்கும். அந்த நான்கைந்து மாத வெயிலில், ஊர் ஊராகப் போய், டிக்கெட் இல்லாமல், பல இடங்களில் நோட்டீசில் பெயர்கூட இல்லாமல் அவர் வாசிக்கிற வாசிப்பைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறேன். நான் சொல்ல வருவது இதுதான்: நாதஸ்வரத்தின் பெருமை என்று நாம் கொண்டாடும் நீண்ட ராக ஆலாபனை வித்வானின் மூச்சால் மட்டும் உண்டானதில்லை. கோடை இரவில் தெருவில் நின்று கேட்டவர்கள் அதை நீட்டினார்கள். நிற்பவர் குறைந்தால் ராகம் குறையும். வாசிப்பவரின் திறமை இம்மியும் குறையாமல் இருந்தாலும் குறையும்.

நாதஸ்வரமா, நாகஸ்வரமா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. வாசிக்கிறவர்கள் வீட்டில் அதற்கு நாயனம் என்று பெயர். எனக்கு அதுவே போதும்.

ஏன் கோடை என்பதற்கு நல்ல காரணங்கள் இருக்கின்றன. காவிரிப் படுகையில் சம்பா அறுவடை தை, மாசியில் முடிந்துவிடும். மேட்டூர் அணை 1934இல் வந்த பிறகு பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கிற வழக்கமான நாள் ஜூன் 12. இடைப்பட்ட மாதங்களில் வயல் வெடித்துக் கிடக்கும், வீட்டில் நெல் இருக்கும், ஆளுக்கு ஓய்வு இருக்கும். திருவிழா எடுக்க ஓர் ஊருக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் சேர்ந்து வாய்க்கிற காலம் அது. முகூர்த்தங்களும் அதே மாதங்களில்தான். ஆகவே ஒரே செட், காலையில் ஒரு கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டிவிட்டு, இரவு பத்து மணிக்கு வேறோர் ஊரில் சுவாமி புறப்பாட்டுக்கு நிற்கும். பகல் வெயிலுக்குப் பயந்து புறப்பாட்டை இரவில் வைத்ததில் இன்னொரு நன்மையும் விளைந்தது. பகலில் தரை கொதிப்பதால் தரையை ஒட்டிய காற்று சூடாகவும் மேலே உள்ள காற்று குளிர்ந்தும் இருக்கும். ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடும். தரை ஆறிய பிறகு இந்த நிலை தலைகீழாகும். ஒலி தரைப்பக்கம் வளைந்து வெகுதூரம் போகும். இடையே பயிர் இல்லாத வெற்று வயல் வேறு. பக்கத்து ஊர்த் திண்ணையில் படுத்துக்கொண்டே இந்த ஊர் நாயனத்தைக் கேட்டதாகப் பெரியவர்கள் சொல்வதை மிகை என்று தள்ள வேண்டியதில்லை. பருவமும் பூமியும் கருவியும் ஒன்றுக்கொன்று ஒத்து வந்த ஏற்பாடு அது.

கருவியே திறந்த வெளிக்காகச் செய்யப்பட்டது. கும்பகோணத்துக்குக் கிழக்கே நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாயனம் செய்கிறார்கள். புதிதாக வெட்டிய மரம் உதவாது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கிற உத்தரமும் தூணும் பல பத்தாண்டுகள் காய்ந்து இறுகியிருப்பதால் அவற்றைத் தேடி வாங்குவார்கள். 2022இல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒருகாலத்தில் ஒரு குடும்பத்தின் கூரையைத் தாங்கிய மரம் பிறகு நாதம் பேசுகிறது என்பது எனக்கு என்றைக்கும் அலுக்காத செய்தி. உலவு மரம், கீழே அணசு, மேலே கெண்டை, அதில் செருகிய சீவாளி. சீவாளி காவிரிக் கரை நாணலில் செய்வது. திருவாவடுதுறை அதற்குப் பெயர் பெற்ற ஊர். கோடையில் நாயனக்காரரின் முதல் கவலை இந்தச் சீவாளிதான். உதட்டின் ஈரத்தில் உயிர் வாழ்கிற பொருள் அது, அனல் காற்றில் சட்டென்று காய்ந்து இறுகும். நாயனத்தில் ஒரு கொத்து சீவாளியும் அவற்றைச் சரிசெய்ய ஓர் ஊசியும் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள், அலங்காரத்துக்காகக் கட்டியதில்லை. எந்தச் சீவாளி இந்த வெக்கைக்குப் பேசும், எது நடுராத்திரிக்குப் பிறகு இறங்கும் என்பதை அவர் நாக்கு அறியும். காற்று சூடேறினால் குழலின் சுருதியும் ஏறும். ஆகவே கோடையில் வாசிப்பது என்பது சுருதியை ஒவ்வொரு நிமிடமும் உதட்டால் பிடித்துக்கொண்டே இருப்பது. விரலுக்கு ஏழு துளைகள், கீழே விரல் படாத ஐந்து. சாவி கிடையாது, கட்டை கிடையாது. இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே இருக்கிற அத்தனை சாயல்களையும் மூச்சின் அழுத்தமும் பாதி மூடிய விரலுமே உண்டாக்க வேண்டும். அதை நின்றுகொண்டு, நடந்துகொண்டு, இரவு முழுக்க.

அந்த இரவுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. தவிலில் அலாரிப்பு. பிறகு கம்பீரநாட்டையில் மல்லாரி. சாகித்யம் இல்லாத, தாளக்கட்டே உடம்பாகக் கொண்ட உருப்படி அது. முதலில் நிதானமாக, பிறகு இரட்டித்து, பிறகு மீண்டும் இரட்டித்து மூன்று காலங்களில் வரும். தளிகை மல்லாரி, தீர்த்த மல்லாரி, தேர் மல்லாரி என்று வேளைக்கும் வேலைக்கும் ஏற்ற வகைகள் உண்டு. வீட்டுக்குள் இருப்பவர் மல்லாரியைக் கேட்டே சுவாமி எங்கே இருக்கிறார் என்று சொல்லிவிடலாம். கோபுர வாசலைத் தாண்டியதும் ராகம் தொடங்கும். கீழ வீதியில் எடுத்த காம்போதி தெற்கு வீதி திரும்பும் வரை போகலாம். ஒரு மண்டகப்படியில் பல்லக்கு இறங்கினால் அந்த இடமே மேடை. அங்கே ஒரு பல்லவி, இல்லையென்றால் நாயனத்துக்கென்றே உள்ள ரக்தி என்னும் உருப்படி. தவில்காரர் ஆலாபனைக்கு நடுவிலும் சும்மா இருப்பதில்லை. ஒரு சங்கதி முடிந்து மூச்சு வாங்குகிற இடைவெளியில் மெல்லத் தட்டி, ராகத்தின் நடையைக் கையில் ஏந்திக்கொண்டு வருவார். பாட்டுக் கச்சேரியில் மிருதங்கம் ஆலாபனையின்போது மௌனமாக இருக்குமே, இங்கே அப்படி இல்லை. திரும்பி வந்து நிலை சேரும்போது நீலாம்பரி. இதற்கிடையில் சின்னச் சின்ன சுகங்கள்: தண்ணீர்ப் பந்தலில் பானகம், நீர்மோர், தெளித்த வாசலில் எழும் மண்வாசனை, மல்லிகை, திண்ணையில் விசிறியோடு உட்கார்ந்திருக்கும் பாட்டிகள், வாசிப்பவருக்குச் சூடாக ஒரு டம்ளர் பால். இவற்றை நான் அலங்காரமாகச் சொல்லவில்லை. ஒரு மனிதன் இரவு இரண்டு மணிக்கு விழித்திருந்து சங்கீதம் கேட்க வேண்டுமானால் உடம்புக்கும் ஏதோ ஒரு சௌகரியம் வேண்டும். ஊர் அதைச் செய்து வைத்திருந்தது.

இனி என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) என்றால் தோடி. அவருடைய தோடியை இன்று நாம் எப்படிக் கேட்கிறோம்? பெரும்பாலும் பழைய ஒலிப்பதிவில். அந்தக் காலத்து 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்றரை நிமிடம்தான் கொள்ளும். இரண்டு பக்கமும் ஒரே ராகத்துக்கு என்றாலும் ஏழு நிமிடம். அதே மனிதர் கோயில் வீதியிலும் கல்யாண ஊர்வலத்திலும் ஒரே ராகத்தை மணிக்கணக்கில் வாசித்தார் என்பது அவரைக் கேட்ட தலைமுறையே திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போன செய்தி. ஏழு நிமிடத் தோடிக்கும் மணிக்கணக்கான தோடிக்கும் வாசித்தவர் ஒருவர், கருவி ஒன்று, ஞானம் ஒன்று. வித்தியாசம் எதிரே என்ன இருந்தது என்பதில்தான். ஒருபக்கம் சுழலும் மெழுகுத் தட்டு, முடிகிற நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டது. மறுபக்கம் நகராத கூட்டம், முடிக்காதே என்று நின்றது. நீட்டி வாசிக்கும் கலை அங்கேதான் பயிலப்பட்டது. பாட்டுக்காரர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். செம்மங்குடி சீனிவாசய்யரும் ஜி.என். பாலசுப்பிரமணியமும் தங்கள் ராக ஆலாபனைக்கு நாயனத்திடம் பட்ட கடனை மறைத்தவர்கள் அல்லர். சபாவில் கைதட்டு வாங்கிய ஆலாபனைகளின் வேர் கோடை வீதியில் இருந்தது என்று சொல்ல இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இங்கே ஒருவர் குறுக்கிடலாம். தெருவில் யார் ஐயா கவனித்துக் கேட்டார்கள்? வெடிச்சத்தம், பலூன் கேட்டு அழும் குழந்தை, ஜெனரேட்டர் இரைச்சல், அர்ச்சனைத் தட்டோடு முண்டியடிக்கும் கூட்டம். ஜனங்கள் சாமி பார்க்க வந்தவர்கள், பாட்டுக் கேட்க வந்தவர்கள் இல்லையே? இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. கோயில் வீதியில் நின்ற ஆயிரம் பேரும் ரசிகர்கள் என்று நான் சொன்னால் அது பொய். ஆனால் கவனித்துக் கேட்பது என்றாலே மூச்சுவிடாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், அந்த நினைப்பு சபா கற்றுக்கொடுத்தது. சபாவில் டிக்கெட் வாங்கியவர் எழுந்துபோகக் கூச்சப்படுவார். தூங்கினாலும் உட்கார்ந்தே தூங்குவார். தெருவில் யாரையும் யாரும் பிடித்து வைக்கவில்லை. சாமி நகர்ந்துவிட்டது, சூடம் காட்டி முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். அதன் பிறகும் ஒருவர் நாயனத்தோடு கூடவே நடக்கிறார் என்றால் அவரை நடத்துவது ராகம்தான். அப்படி நடப்பவர்கள் ஆயிரத்தில் முப்பது பேராக இருக்கலாம். அந்த முப்பது பேரை வாசிப்பவர் பார்க்கிறார், எட்டடி தூரத்தில், முகத்துக்கு நேரே. எந்தச் சங்கதிக்கு எவர் தலை அசைந்தது, எந்த இடத்தில் ஒருவர் தாளம் போடுவதை நிறுத்திவிட்டு விழித்தார் என்பது அவருக்குத் தெரியும். மேடை விளக்கின் கீழ் உட்கார்ந்தவருக்கு எதிரே இருட்டு. தீவட்டி வெளிச்சத்தில் நின்றவருக்கு எதிரே முகங்கள். அந்த முகங்கள் அவருடைய அடுத்த சங்கதியைத் தீர்மானித்தன.

சத்தத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இரைச்சலுக்குள் ஒரு நாதத்தைப் பின்தொடர்கிற காது சோம்பேறிக் காது ஆகாது. எங்கே காந்தாரம் அசைகிறது, ஜோடி நாயனம் எந்த இடத்தில் வாங்கிக்கொண்டது, தவிலின் வலந்தலையில் விரல்கூடு விழுகிற கூர்மைக்கும் தொப்பியில் கழி விழுகிற கனத்துக்கும் நடுவே நடை எப்படி மாறியது என்று தேடித் தேடிக் கேட்க வேண்டும். ஊர்வலம் நகர நகர ஒலியும் மாறும். சந்துக்குள் நுழைந்தால் இறுகும், குளக்கரைக்கு வந்தால் விரியும், மூலை திரும்பினால் ஒரு கணம் மறைந்து மறுபடி வரும். இவ்வளவு மாற்றங்களுக்கு நடுவே இது தோடிதான் என்று பிடித்துக்கொண்டே போகிற பழக்கம் எந்த இசைப் பள்ளியிலும் பாடத்திட்டத்தில் இல்லை. திருவையாற்றில் சித்திரை விசாகத்தையொட்டி ஏழூர்ப் பல்லக்கு கிளம்பும். திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று ஆற்றங்கரை ஊர்களைச் சுற்றி வரும் அந்தப் பல்லக்கின் வரவை ஊர் முதலில் அறிவது காதால்தான். யாழ்ப்பாணத்திலும் இந்தக் காது இருந்தது, இருக்கிறது. அளவெட்டியும் இணுவிலும் நாயனத்தையும் தவிலையும் வளர்த்த ஊர்கள். அளவெட்டி என்.கே. பத்மநாதனின் நாயனத்தையும் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலையும் நம் பக்கத்து ரசிகர்கள் தங்களுடையதாகவே எண்ணினார்கள். கோயில் வீதி மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மேளச்சமா என்னும் நாயன, தவில் கச்சேரி கேட்ட அந்த மக்களை யாரும் சும்மா சாமி கும்பிட வந்த கூட்டம் என்று சொல்ல முடியாது.

அடுத்த எதிர்ப்பு இதைவிடக் கடுமையானது. அதை நான் மதிக்கிறேன். நீங்கள் தெருவைப் புகழ்கிறீர்கள், அந்தத் தெருவில் நாயனக்காரரை எப்படி நடத்தினார்கள் என்று தெரியுமா என்று கேட்பவர்கள் உண்டு. தெரியும். சட்டை போடாமல் நிற்க வேண்டும், துண்டைத் தோளில் போடாமல் இடுப்பில் கட்ட வேண்டும், உட்கார்ந்து வாசிக்கக் கேட்கக் கூடாது. சாதியின் பேரால் இதெல்லாம் நடந்தது. நாயனக்காரர் மதுரை சிவக்கொழுந்து தோளில் துண்டோடு வாசித்ததைச் சிலர் ஆட்சேபித்தபோது பட்டுக்கோட்டை அழகிரிசாமி குறுக்கே நின்று, எடுக்காதே என்று சொன்ன நிகழ்ச்சி சுயமரியாதை இயக்க வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. ராஜரத்தினம் பிள்ளை கிராப்பு வெட்டிக்கொண்டதும், கோட்டும் ஷெர்வானியும் போட்டதும், மேடை போட்டால்தான் வாசிப்பேன் என்று நின்றதும் அகங்காரம் என்று அன்று பேசப்பட்டது. அது ஒரு சமூகத்தின் முதுகு நிமிர்ந்த கதை. பெண்கள் இந்தக் கருவியைத் தொடுவதே அரிதாக இருந்த காலத்தில் மதுரை எம்.எஸ். பொன்னுத்தாய் வாசித்துப் பெயர் வாங்கியதற்கும் எவ்வளவு எதிர்நீச்சல் போட்டிருக்க வேண்டும் என்று எண்ணிப்பாருங்கள். மேடை இந்தக் கலைஞர்களுக்கு ஆசனம் கொடுத்தது, பெயர் கொடுத்தது. ஆந்திரத்தின் கரவதியில் பிறந்து, தஞ்சைப் பாணியில் மனம் பறிகொடுத்து, ஸ்ரீரங்கத்திலேயே தங்கிவிட்ட ஷேக் சின்ன மௌலானாவுக்கு 1998இல் சங்கீத கலாநிதி விருது கிடைத்ததை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

ஆகவே தெருவா மேடையா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், மரியாதையோடு கூடிய மேடைதான் உயர்ந்தது என்று நானும் சொல்லிவிடுவேன். ஆனால் அப்படித் தேர்ந்தெடுக்கச் சொல்வதே சரியில்லை. அவமானம் தெருவின் மண்ணிலிருந்து முளைக்கவில்லை, மனிதர்கள் செய்தார்கள். மனிதர்கள் திருத்த முடியும். பல்லக்கு நிற்கிற இடத்தில் இரண்டு நாற்காலி போடுவதற்கு ஆகமம் தடை சொல்லவில்லை. வித்வானின் பெயரை நோட்டீசில் சுவாமி பெயருக்கு அடுத்த வரியில் அச்சிடுவதற்கு மை அதிகம் செலவாகாது. பேசிய சன்மானத்தை அலைக்கழிக்காமல் அன்றிரவே கொடுப்பது தர்மம்கூட இல்லை, வெறும் நேர்மை. மேடை தந்த மரியாதையைத் தெருவுக்குக் கொண்டுவர வேண்டும். தெருவைக் கைவிட்டுவிட்டு மரியாதையை ஒரு மணிநேர ஹால் கச்சேரிக்குள் பூட்டி வைத்தால், மல்லாரி ஒரு மேடை உருப்படியாகச் சுருங்கிவிடும். இப்போதே அது பரத நாட்டிய அரங்கில் தொடக்க உருப்படியாக மட்டும் பலருக்கு அறிமுகமாகிறது. நாட்டியத்துக்கு அது அழகுதான். ஆனால் கோபுரத்தின் நிழலிலிருந்து சுவாமி வெளியே வருகிற அந்த நொடிக்காக உண்டான இசை, அந்த நொடி இல்லாமல் பாதிதான்.

ராஜரத்தினமே திமிரி நாயனத்தை விட்டு நீளமான பாரி நாயனத்துக்குப் போனார், அது மேடைக்காகத்தானே என்றும் கேட்கலாம். திமிரி குட்டையானது, சுருதி உயர்ந்தது. பாரி நீண்டது, சுருதி தாழ்ந்தது. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அவருக்காக உழைத்து வடித்த பாரியில் சுத்த மத்தியமம் சுத்தமாகப் பேசியது. அந்த மாற்றம் நிதானமாகப் பாடுவது போல வாசிக்க வழி செய்தது. அதை மேடைக்கான மாற்றம் என்று மட்டும் பார்ப்பது குறுகிய பார்வை. அதே பாரியோடுதான் அவர் திருவாவடுதுறை மடத்து விழாக்களிலும் வீதிகளிலும் வாசித்தார். அவருடைய மாணவர் காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) தாமிரவருணிக் கரை ஊர்களில் வாசித்தார். 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ அவருடைய நாதத்தை நாடெங்கும் கொண்டு போனது. அதற்கு முன்பே தென்பாண்டிச் சீமையின் திருவிழாக் கூட்டங்களுக்கு அந்த நாதம் பழக்கம்.

வீட்டிலேயே கேட்டுக்கொள்ளலாமே என்பது இன்னொரு வாதம். திருச்சி வானொலி 1939இல் தொடங்கிய காலத்திலிருந்து ஒலிபரப்பு செய்த உபகாரத்தை நான் மறக்கவில்லை. இன்றைக்கு யூடியூபில் காருகுறிச்சியும் திருவீழிமிழலை சகோதரர்களும் கிடைக்கிறார்கள், அது பெரிய பாக்கியம். கேளுங்கள். ஆனால் பதிவு உங்களைக் கேட்காது. நீங்கள் ‘பலே’ என்றாலும் அது அடுத்த சங்கதிக்குப் போகாது. வாசித்து முடிந்ததைக் காப்பாற்ற அதனால் முடியும், வாசிக்கப் போவதை வளர்க்க முடியாது.

கடைசியாக, காலம் மாறிவிட்டது, ஜனங்களின் ரசனை மாறிவிட்டது என்பார்கள். செண்டை மேளம் வந்துவிட்டது, பேண்டு வாத்தியம் வந்துவிட்டது, ஒலிபெருக்கி வண்டி வந்துவிட்டது. செண்டையின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. கேரளத்துக் கோயில்களில் அது தன் இடத்தில் எவ்வளவு கம்பீரமான கலை! ஆனால் ரசனை மாறியதால் நாயனம் ஒதுங்கியது என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. முதலில் மாறியது நேரம். விடியும் வரை நான்கு வீதியும் உலா வந்த சுவாமி இப்போது பல ஊர்களில் இரண்டு மணிநேரத்தில் நிலை சேர்ந்துவிடுகிறார். மின்கம்பி, போக்குவரத்து, மறுநாள் அலுவலகம் என்று காரணங்கள் உண்டு, பொய்யில்லை. ஆனால் இரண்டு மணிநேரத்தில், அதுவும் வெடிக்கும் வரவேற்புக்கும் நடுவே, ராகம் வாசிக்க முடியாது. துண்டு துண்டாகப் பாட்டுத்தான் வாசிக்கலாம். துண்டுதுண்டாக வாசிப்பதென்றால் சத்தமாக இருப்பது ஜெயிக்கும். பிறகு, பார்த்தீர்களா, ஜனங்கள் நாயனத்தைக் கேட்பதில்லை என்று அதே விழாக்குழு சொல்லும். கேட்க நேரம் கொடுக்காமல் கேட்கவில்லை என்று தீர்ப்பு எழுதுவது நியாயமில்லை. நித்திய பூஜையில் இது இன்னும் வெளிப்படை. மோட்டாரில் ஓடும் மணியும் முரசும் சுவிட்சைத் தட்டியதும் அடிக்கின்றன. அந்த இயந்திரத்துக்குக் காம்போதிக்கும் கல்யாணிக்கும் வித்தியாசம் தெரிய வேண்டியதில்லை, அதன் முன் நிற்பவருக்கும் அது தெரியாமல் போகும். நித்தமும் ஆறுகால பூஜையில் வாசித்துத்தான் ஒரு பையன் விரலும் மூச்சும் தேறி, கோடை வீதிக்கு ஆளானான். அந்தப் பயிற்சிக் களத்தையே சுவிட்சு எடுத்துக்கொண்டது.

திறமைக்குப் பஞ்சம் என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். பழனி கோயில் நடத்துகிற பள்ளியிலும் அரசு இசைப் பள்ளிகளிலும் பிள்ளைகள் நாயனமும் தவிலும் படித்து வெளியே வருகிறார்கள். விடியற்காலை எழுந்து துத்துக்காரம் என்னும் ஊதல் பயிற்சி பழகி, உதடு வெடித்து, தவில் பிள்ளைகள் என்றால் விரல் காய்த்து, பல வருட சாதகத்துக்குப் பிறகு வருகிறார்கள். சின்ன மௌலானாவின் வழியில் வந்த காலீஷாபியும் ஷேக் மஹபூப் சுபானியும் தம்பதியாக வாசித்து 2020இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். வாசிக்க ஆள் இருக்கிறது. சித்திரை பிறந்ததும் அவர்கள் பைக்குப் பின்னால் நாயன உறையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்புவார்கள், உங்கள் ஊர்ப் பக்கமும் வருவார்கள்.

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். இந்தக் கோடையில் உங்கள் தெருவுக்குச் சுவாமி வரும்போது சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உடனே உள்ளே போகாதீர்கள். போனைப் பையில் போட்டுவிட்டு, நாயனத்துக்கு நேர் எதிரே, வாசிப்பவர் உங்கள் முகத்தைப் பார்க்கிற தூரத்தில் போய் நில்லுங்கள். என்ன ராகம் என்று தெரியாவிட்டால் தாளக்காரரிடம் கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார். தெருமுனை வரை கூடவே நடங்கள். விழாக்குழுவில் இருப்பவர் உங்களுக்குத் தெரிந்தவர் என்றால், நம் தெருவில் அரை மணிநேரம் வெடி வேண்டாம், பல்லக்கை இறக்கி வைத்து ஒரு ராகம் வாசிக்கச் சொல்லுங்கள் என்று கேட்டுப்பாருங்கள். வித்வானுக்கு ஒரு நாற்காலியும் குடிக்கத் தண்ணீரும் உங்கள் வீட்டிலிருந்து வரட்டும்.